நியூயார்க்குக்கு ஒரு பரஸ்தானம்

தம்பி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. இல்ல இல்ல, ஜன்னலோரம் எனக்கு வேண்டாம், நீங்களே இருங்க. நான் ஜன்னல்ல தலையக் காட்டுனா கீழ நிக்கிறவன் பாத்துருவான். இந்தப் பைய மட்டும் கொஞ்சம் காலுக்கடியில தள்ளிக்கிடுங்க. ஆங், போதும். இந்த பஸ் எங்க போகுது? கரூரா? சரி, கரூர்னா கரூர். நல்ல ஊருதான். எங்க ஊர்க்காரன் எவனும் கரூர்ல கிடையாது.

சிரிக்காதீங்க. எங்க போகுதுன்னு கேக்காம பஸ்ல ஏறுதவன் இல்ல நான். பேரு கோமதிநாயகம், ஊரு சங்கரன்கோவில். முப்பத்தாறு வருஷம் யூனியன் ஆபீஸ்ல சர்வீஸ் பண்ணி சூப்பரிண்டெண்டா ரிட்டையர் ஆனவன். டீ குடிக்க எந்திரிச்சாக்கூட எத்தனை மணிக்குப் போறேன், எத்தனை மணிக்கு வாரேன்னு எழுதி மேசையில வச்சிட்டுப் போவேன். என்னைப் போயி இன்னைக்கு இப்படி ஓட வச்சிட்டாவ. அந்தக் காதுல மாட்டிருக்கதக் கழட்டுங்க தம்பி. கேக்க வேண்டிய விஷயம் இது.

நான் இப்போ நியூயார்க்ல இருக்கேன்.

அப்படிப் பாக்காதீங்க, எனக்குக் கோட்டியெல்லாம் பிடிக்கல. பழனி பஸ் ஸ்டாண்டுல ஏறினேன், பக்கத்துல நீங்க இருக்கிய, இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனா எங்க தெருவுல போயி யாருகிட்ட வேணும்னாலும் கேளுங்க, கோமதிநாயகம் எங்கன்னு. நியூயார்க்ல இருக்காவன்னுதான் சொல்லுவாவ. இன்னையோட நாப்பத்திமூணு நாளு. அங்க இப்போ காலைல ஏழரை மணி. நான் நடை போயிட்டு வந்து காப்பி குடிச்சிட்டு இருக்கணும், என் டூர் புரோகிராம் படி.

டூர் புரோகிராம்னா சாதாரணமா நினைக்காதீங்க. என் மக காந்திமதி அங்க மாப்பிள்ளையோட இருக்கா, பதினோரு வருஷமா. போன தை மாசம் போன்ல, "அப்பா, நீங்களும் அம்மாவும் ஒருதடவ வந்துட்டுப் போங்களேன்"னு ஒரு வார்த்தை சொன்னா. அவ்வளவுதான், நான் அன்னைக்கே ஃபைல் போட்டுட்டேன். நியூயார்க் மேப் ஒண்ணு வாங்கி, சாமி படத்துக்குப் பக்கத்துல ஒட்டியாச்சு. அங்க தெருவுக்குப் பேரு கிடையாது தம்பி, எல்லாம் நம்பருதான். குறுக்கால போறது தெரு, நெட்டுக்குப் போறது அவென்யூ. பாத்ததும் எனக்கு அந்த ஊரு பிடிச்சுப் போச்சு. ஃபைல் கட்டி அடுக்கி வச்ச மாதிரி ஊரு. நாலே மாசத்துல கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன், எந்தத் தெருவுல எந்த ரயில் தரைக்குள்ள போகுதுன்னு. இப்பவும் கேளுங்க. நாப்பத்திரெண்டாம் தெருவுல இறங்குனா எங்க போகலாம்? கேளுங்க. சரி, அப்புறம் கேளுங்க.

மொத்தம் ஆறு வாரம். ஒவ்வொரு நாளும் முற்பகல், பிற்பகல்னு பிரிச்சு டைப் அடிச்சேன். சுதந்திர தேவி சிலை, புதன்கிழமை முற்பகல் ஒம்பதே கால். புதன்கிழமை பன்னெண்டு மணிக்கு ராகுகாலம்லா, அதுக்கு முன்னால படகுல இருந்து இறங்கிரணும். அந்தப் பெரிய பூங்கா, வெள்ளிக்கிழமை பிற்பகல். இதுல ஒரு சந்தேகம் வந்துச்சு. ராகுகாலம் நம்ம ஊரு நேரத்துக்கா, அவ்வொ ஊரு நேரத்துக்கா? ஜோசியர்கிட்ட எழுத்து மூலமாக் கேட்டேன். சூரியன் எங்க உதிக்கோ அங்கதான் கணக்குன்னு சொல்லிட்டாரு. திருப்பி மொத்தத்தையும் மாத்தி அடிச்சேன்.

அடிச்சு மகளுக்கு அனுப்பினேன். "பொருள்: நியூயார்க் பயணம், நிகழ்ச்சி நிரல் அனுப்புதல் தொடர்பாக. பார்வை: தங்கள் தொலைபேசி அழைப்பு." கீழ, "தகவலுக்காகவும் தக்க நடவடிக்கைக்காகவும்". பதினாலு பக்கம். அதுக்கு அந்தப் பிள்ளை என்ன பதில் அனுப்பினா தெரியுமா? ஒரு கட்டை விரல். எம்.எஸ். படிச்ச பிள்ளை தம்பி, கையெழுத்துப் போடத் தெரியாதவ மாதிரி கைநாட்டு வைக்கா.

சரி, அத விடுங்க. கஷ்டம் எங்க வந்துச்சுன்னா என் வீட்டுக்காரிகிட்ட. பேரு ஆவுடையம்மாள். நல்ல பொம்பள, குறை சொல்லக் கூடாது. ஆனா வாயத் திறக்க மாட்டா. திறந்து என்ன ஆகப் போகுது, எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்லா. கேஸ்காரன் வந்தா நான் பேசுவேன். டாக்டர்கிட்டப் போனா அவளுக்கு எங்க வலிக்கின்னு நான் சொல்லுவேன். ஒருதடவ அவ இடதுகாலுன்னா, நான் வலதுகாலுன்னு சொல்லி மாத்திரை வாங்கிட்டு வந்தாச்சு. அதுலயும் சரியாயிட்டு, பாத்துக்கிடுங்க. இப்படி இருக்கவள விசா ஆபீஸ்ல கொண்டு நிறுத்துனா என்ன ஆகும்? அங்க ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வெள்ளக்காரங்க உக்காந்து கேள்வி கேப்பாவளாம்.

அதனால நான் அறுபத்திநாலு கேள்வி தயார் பண்ணினேன். கேள்வியும் பதிலும். காலைல அவ காய் நறுக்கும்போது இருபது, மத்தியானம் பாத்திரம் கழுவும்போது இருபது, சாயங்காலம் விளக்கு ஏத்தினப்புறம் மிச்சம். நான் கேப்பேன், அவ பதில் சொல்லணும். பதினேழாவது கேள்வி, "நியூயார்க்கில் நீங்கள் எதைக் காண விரும்புகிறீர்கள்?" பதில், "அந்நகரின் பண்பாட்டுச் சிறப்புகளையும் கட்டடக் கலையையும் காண விரும்புகிறேன்." இதச் சொல்ல அவளுக்கு ஒரு மாசம் ஆச்சு. கட்டடக் கலைன்னு வரும்போது மட்டும் நிறுத்திருவா. "எனக்கு கட்டடம் வேண்டாமே"ன்னு ஒருநாள் சொன்னா. உனக்கு வேணுமா வேண்டாமான்னு யாரு கேட்டா, பதில்ல இருக்குலா, சொல்லுன்னேன்.

இப்போ பரஸ்தானத்துக்கு வாரேன். உங்க பக்கம் உண்டுமா? இல்லையா? ஒரு பயணம் போறதுக்கு நல்ல நாளு இன்னைக்கு இருக்கு, ஆனா நாம கிளம்புறது அடுத்த வாரம்தான்னு வைங்க. அப்போ நல்ல நாளுல, நல்ல நேரத்துல, நம்ம பெட்டிய எடுத்துட்டுப் போயி அடுத்த வீட்டுல வச்சிரணும். பெட்டி வாசல் தாண்டிட்டா நாம கிளம்பிட்டோம்னு அர்த்தம். அப்புறம் கிளம்புற அன்னைக்கு கெட்ட நாளா இருந்தாலும் தோஷம் கிடையாது. ஆனா ஒண்ணு, பரஸ்தானம் வச்ச பெட்டி பயணம் போகாம வீட்டுக்குத் திரும்பக் கூடாது. திரும்பினா அந்த வீட்டுல இருக்கவன் வாழ்நாள்ல வெளியூர் போக மாட்டான்.

எங்களுக்கு விசா கேள்வி கேக்கிற நாளு ஆடி பத்தாம் தேதி. ஆடி மாசத்துல யாராவது புதுசா ஒண்ணு தொடங்குவாவளா? ஆனியில கடைசியா ஒரு முகூர்த்தம் இருந்துச்சு. வச்சிட்டேன் பரஸ்தானம். "விசா வரட்டுமே"ன்னா ஆவுடை. விசா வராம எங்க போகுது, அறுபத்திநாலு கேள்விக்கும் பதில் இருக்கே?

பெட்டின்னா பெரிய பச்சைப் பெட்டி. என் நல்ல சட்டை பூராவும் அதுலதான். நியூயார்க் குளிருக்குன்னு எங்க ஊரு டெய்லர்கிட்ட ஒரு கோட்டு தச்சிருந்தேன். அவன் கல்யாண மாப்பிள்ளைக்கு மட்டும்தான் கோட்டு தைப்பான் போலருக்கு. கருஞ்சிவப்பு, தங்கக் கலர் பொத்தான். இருந்தாலும் எடுப்பாத்தான் இருந்துச்சு. அவளுக்குத் தனியா பெட்டி வைக்கல. ரெண்டு சேலையும் ஒரு சால்வையும் என் பெட்டியிலயே ஓரமா வச்சிக்கோன்னு சொல்லிட்டேன்.

தெருவே கூடிட்டு தம்பி. மேளம் மட்டும்தான் இல்ல. பெட்டிக்கு மஞ்சள் தடவி, பொட்டு வச்சு, ஆரத்தி எடுத்து, அடுத்த வீட்டுக் கனகசபை வாசல் வரைக்கும் நானே தூக்கிட்டுப் போனேன். கனகசபை ஜவுளிக்கடை வச்சிருக்கான், என்னவிட எட்டு வயசு இளையவன், அண்ணாச்சி அண்ணாச்சின்னு உசிர விடுவான். அவன் வீட்டுல பெட்டிய இறக்கி வச்சு, காப்பி குடிச்சிட்டு, என் வீட்டுக்கு நான் விருந்தாளி மாதிரி வந்தேன். அந்த நிமிஷத்துல இருந்து கணக்குப்படி நான் ஊர்ல இல்ல. மறுநாள் கறிவேப்பிலை வாங்கப் போனா, கடைக்காரன் "என்ன அண்ணாச்சி, இன்னும் கண்ணுல படுதிய"ன்னு கேக்கான். எவ்வளவு மரியாதை பாருங்க.

ஆடி பத்து. மெட்ராஸ். ஒரு கையில ஃபைல், ஒரு கையில அவ. ஃபைல்ல என்ன இல்லன்னு கேளுங்க. வீட்டுப் பத்திரம், வில்லங்கம், ரேஷன் கார்டு, எனக்கு ரிட்டையர்மெண்ட்ல வாசிச்ச வாழ்த்து மடல், கும்பாபிஷேகக் கமிட்டியில என் பேரு போட்ட நோட்டீஸ். ஜன்னல்ல ஒரு வெள்ளக்காரப் பொம்பள. பக்கத்துல தமிழ்ல சொல்லுததுக்கு ஒரு பிள்ளை. எனக்குத் தமிழ் வேண்டாம், நான் இங்கிலீஷ்லயே பேசுதேன்னு ஆரம்பிச்சேன்.

எத்தனை நாள் இருப்பியன்னு கேட்டா. விதிகளுக்கு உட்பட்டு அதிகபட்சம் எவ்வளவு அனுமதிக்க முடியுமோ அவ்வளவும்னு சொன்னேன். சரியான பதில்லா? அங்க போயி என்ன செய்வியன்னு கேட்டா. அங்க இருக்க நம்ம ஆளுக சங்கத்துல நிர்வாகம் சரியில்லன்னு கேள்விப்பட்டேன், ஒரு சூப்பரிண்டெண்ட் போயி உக்காந்தா மூணு மாசத்துல எல்லாம் நேராயிரும்னேன். பொறுப்பா ஒரு பதில் சொல்லணுமா இல்லையா? ஃபைல ஜன்னல் வழியா நீட்டினேன். வேண்டாம்னுட்டா. முப்பத்தாறு வருஷத்துல ஃபைல வேண்டாம்னு சொன்ன முதல் அதிகாரி அவதான்.

அப்புறம் ஆவுடையப் பாத்துக் கேட்டா. நான் பதில் சொன்னேன். மறுபடி அவளப் பாத்துக் கேட்டா. மறுபடியும் நான் சொன்னேன். மூணாவது தடவ அந்தத் தமிழ்ப் பிள்ளை, "சார், நீங்க கொஞ்சம் அந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால நில்லுங்க, அவங்க பேசட்டும்"ன்னு சொல்லிட்டா. போச்சு, ஒரு மாசம் சொல்லிக் குடுத்ததும் போச்சுன்னு நினைச்சேன்.

நினைச்ச மாதிரியே ஆச்சு. சரியாப் பதினேழாவது கேள்வி. நியூயார்க்ல என்ன பாக்கப் போறியன்னு. நான் பின்னால நின்னு கட்டடம், கட்டடம்னு வாயசைக்கேன். இவ திரும்பியே பாக்கல. "பேத்திக்கு முன்பல்லு விழுந்துட்டாம். புதுப் பல்லு முளைக்கதுக்குள்ள அந்தப் பொக்கைவாய ஒருதடவ பாக்கணும்"ங்கா. விசா ஆபீஸ்ல சொல்லுத பேச்சா தம்பி இது? எப்போ திரும்புவியன்னு கேட்டா. "பல்லு முளைச்சதும் வந்துருவேன். எனக்கு இங்க செடிகிடியெல்லாம் நிக்கி"ங்கா. அந்த வெள்ளக்காரி சிரிச்சிட்டா. சிரிச்சிட்டு இன்னும் என்னமோ கேக்கா, இவ கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுதா. என்ன சொன்னான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. கோட்டுக்குப் பின்னால கேக்கல.

கடைசியா என்னைக் கூப்பிட்டு, என் பாஸ்போர்ட்டையும் ஒரு தாளையும் என் கையில குடுத்தா. அவளுக்கு ஒண்ணும் குடுக்கல, பாஸ்போர்ட்ட வாங்கி உள்ள வச்சுக்கிட்டா. நீங்களே சொல்லுங்க, இதுக்கு என்ன அர்த்தம்? ஆபீஸ்ல ஒருத்தனுக்குத் தாளைக் கையில குடுத்தா ஆர்டர் ஆயிட்டுன்னு அர்த்தம். பேப்பர உள்ள வாங்கி வச்சா நிறுத்தி வச்சிருக்குன்னு அர்த்தம். நான் அப்படித்தான எடுத்துக்கிட முடியும்? வெளிய வந்து ஆவுடைக்கு ஆறுதல் சொன்னேன். "மனசத் தளர விடாத. நான் போயி பாப்பாவ வீடியோவுல காட்டுதேன், நீ செடியப் பாத்துக்கிட்டு இரு"ன்னேன். அவளும் சரி சரின்னு தலையாட்டுதா, கண்ணு கலங்கிட்டு. வாசல்ல ஒரு ஜூஸ் கடை, அந்தக் கடைக்காரன்தான் தாள வாங்கிப் பாத்துட்டு, "சார், உங்களுக்குத்தான் இல்ல. அம்மாவுக்குக் கிடைச்சாச்சு"ன்னான். ஜூஸ் விக்கிறவனுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல. என்ன நிர்வாகம் நடத்துதாவளோ, போங்க.

அன்னைக்கு ரயில்ல அவ ஒண்ணே ஒண்ணு சொன்னா. "நானும் போகல. ஊர்ல உண்மையச் சொல்லிருவோம். பெட்டிய எடுத்துட்டு வந்துருவோம்." நான் விடுவேனா? வாசல் தாண்டின பெட்டி வீட்டுக்குத் திரும்பலாமா? தெருவே ஆரத்தி எடுத்திருக்கு. விசா வந்துட்டுன்னு நான் போன்லயே கனகசபைக்குச் சொல்லிட்டேன், அந்த ஜூஸ் கடைக்காரன் தாளப் பாக்கதுக்கு முன்னால. சொன்ன சொல்ல எப்படி மாத்துறது? அதனால திட்டம் போட்டேன். ஆடி இருபத்தெட்டாம் தேதி ரெண்டு பேரும் கார்ல கிளம்பினோம், திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு. கனகசபை பச்சைப் பெட்டிய அவனே தூக்கி வச்சு, மாலை போட்டு அனுப்பினான். அவ பெட்டியோட உள்ள போயிட்டா. நான் ரெண்டு வேட்டி இருந்த ஒரு துணிப்பையோட வெளிய நின்னேன். என் கோட்டு, என் சட்டை, என் வாசிக்கிற கண்ணாடி, எல்லாம் நியூயார்க் போயிட்டு. பரஸ்தானம் பலிக்கலன்னு யாரும் சொல்ல முடியாது.

உள்ள போகும்போது அவ திரும்பிப் பாப்பான்னு நினைச்சேன். பாத்தா. ஆனா, "ஒழுங்காச் சாப்பிடுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டா. ரெண்டு பிளேன் மாறணுமே, இவ எங்க போயி நிக்கப் போறாளோன்னு ஒரு நாள் பூரா போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். கேட்டா, பக்கத்துல ஒரு பஞ்சாபிப் பொம்பளையாம், ரெண்டு பேரும் பேசிக்கிட்டே போயிட்டாவளாம். அவளுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு இந்தி தெரியாது. என்னத்தப் பேசினாவளோ.

ஊருக்குத் திரும்ப முடியாதுலா. பழனிக்கு வந்துட்டேன். அடிவாரத்துல ஒரு லாட்ஜ். லாட்ஜ்க்காரன், "வேண்டுதலா சார்"ன்னான். ஆமான்னுட்டேன். ஆறு வாரம்தான, அவ வந்ததும் ரெண்டு பேரும் சேந்து ஊருக்குள்ள போயிருவோம், யாருக்குத் தெரியப் போகுது? ஆவுடை ஒருத்திக்குத்தான் நான் பழனியில இருக்கது தெரியும். அவ யாருகிட்டயும் மூச்சு விட மாட்டா. எங்க தெரு பொம்பளைகளுக்குத் தனியா ஒரு வாட்ஸப் குரூப் இருக்கு, அவளும் அதுல இருக்கா. சமையல், கோலம்னு என்னமாவது போடுவாவ, அவ்வளவுதான்.

ஆம்பளைகளுக்கு வேற குரூப். அதுல நான் ஒரு நாள் விடாம நியூயார்க் சேதி போட்டேன். காந்திமதி எனக்கு அனுப்புற போட்டோவ அதுல போட்டு, "இன்று முற்பகல் சுதந்திர தேவியை இனிதே தரிசித்தோம்"னு எழுதுவேன். "போட்டோவுல உங்களக் காணமே அண்ணாச்சி"ன்னு ஒருத்தன் கேட்டான். எடுக்கிறவன் எப்படிப்பா போட்டோவுல இருப்பான்னு போட்டேன். எல்லாரும் கைதட்டி இருந்தாவ. ஆனா நம்ம ஆளுகளுக்கு உலக ஞானமே கிடையாது தம்பி. கனகசபை கேக்கான், "அண்ணாச்சி, வரும்போது அங்க இருந்து பஞ்சாமிர்தம் ரெண்டு டப்பா வாங்கிட்டு வருவியளா?" நியூயார்க்ல போயி பஞ்சாமிர்தம் கேக்கான் பாருங்க. இன்னொருத்தன், "அண்ணாச்சி, அங்க மொட்டை போட நல்ல வசதியாமே?" நான் பொறுமையா விளக்கி எழுதினேன். நியூயார்க் மாநகரம் ஒரு துறைமுக, வணிக நகரம், அங்கு முடி காணிக்கை செலுத்தும் வழக்கம் இல்லைன்னு. அதுக்கும் கைதட்டினாவ. விஷயம் சொன்னா ஏத்துக்கிடுவாவ, நல்ல ஜனங்க.

இங்கதான் ஆவுடை காலை வாரி விட்டுட்டா. போன திங்கக்கிழமை போன் பண்ணுதா. "காந்திமதி இன்னும் ரெண்டு மாசம் இருக்கச் சொல்லுதா, நான் இருந்துட்டு வாரேன்"ங்கா. எனக்கு எப்படி இருக்கும்? ரெண்டு மாசம் நான் எந்த லாட்ஜ்ல கிடக்கது? யாரக் கேட்டு முடிவு பண்ணினன்னு சத்தம் போட்டேன். டூர் புரோகிராம்ல ஆறு வாரம்தான் இருக்கு. அத அவ ஒரு பக்கம்கூட பாக்கல தம்பி. தினமும் பாப்பாவ ஸ்கூல்ல விட்டுட்டு, தன்னால ஏதாவது ஒரு தெருவுல நடக்காளாம். என் கோட்டப் போட்டுக்கிட்டு! காந்திமதி போட்டோ அனுப்பியிருந்தா. சேலை, கீழ மாப்பிள்ளையோட ஓட்டப்பந்தய செருப்பு, மேல என் தங்கப் பொத்தான் கோட்டு. ஒரு வெள்ளக்காரி ரோட்டுல நிறுத்தி, இந்தக் கோட்டு எங்க வாங்கினியன்னு கேட்டாளாம். சங்கரன்கோவில்னு சொல்லிருக்கா.

கோபத்துல நான் கேட்டேன். "என்னைய இங்க விட்டுட்டு அங்க உனக்கு அப்படி என்ன கிடைச்சிட்டு?"ன்னு. அதுக்கு அவ சொல்லுதா, "விசா ஆபீஸ்ல அந்தப் பொம்பள என்னப் பாத்துக் கேட்டா. நான் சொல்லி முடிக்க மட்டும் பேசாமக் கேட்டுக்கிட்டு இருந்தா. இங்க பாப்பாவும் அப்படித்தான் கேக்கா. நல்லா இருக்கு"ங்கா.

இது ஒரு காரணமா தம்பி? பாப்பாவுக்கு ஆறு வயசு, நம்ம தமிழ் பாதி புரியாது. புரியாதவதான் பேசாமக் கேப்பா. இதச் சொல்லலாம்னு வாயத் திறக்கேன், "சரி, வச்சிருதேன்"னு வச்சிட்டா.

அதுல இருந்து எனக்குச் சாப்பாடு இறங்கல. உங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன. லாட்ஜ்ல சாயங்காலம் விளக்கு போட்டதும், "ஆவுடை, தண்ணி எடுத்துட்டு வா"ங்கேன். சொன்னப்புறம்தான் தெரியுது ஆளு இல்லன்னு. கல்யாணம் ஆனதுல இருந்து அவ அவங்க அம்மா வீட்டுக்குப் போனாக்கூட நான் மூணாவது நாள் போயி கூட்டிட்டு வந்துருவேன். இங்க எந்த பஸ்ல போயி கூட்டிட்டு வர? எனக்கு ஊரு வேண்டாம், நியூயார்க் வேண்டாம், அவ வந்தாப் போதும்னு ஆயிட்டு. அவகிட்ட இதச் சொன்னது இல்ல. உங்ககிட்டதான் சொல்லுதேன்.

இன்னைக்கு என்ன ஆச்சுன்னா, நாலரை மணி இருக்கும், லாட்ஜ் வாசல்ல ஒரு வேன் வந்து நிக்கி. இறங்குதான் பாருங்க, கனகசபை! பின்னால எங்க தெருக்காரன் ஏழெட்டு பேரு, பொம்பளைகளும் உண்டு. என்ன தற்செயல் பாருங்க, பழனியில இவ்வளவு லாட்ஜ் இருக்கு, சரியா என் லாட்ஜ் வாசல்லயா வந்து நிக்கணும்? கனகசபை கையில தூக்குச்சட்டி, அவன் வீட்டுக்காரி கையில என் வீட்டுச் சாவிக்கொத்து மாதிரி ஒண்ணு. மலைக்குப் போகாம நேரா லாட்ஜ்க்காரன்கிட்ட என்னமோ கேக்கான். அவன் கைய நீட்டி மாடியக் காட்டுதான். நான் பைய எடுத்துட்டுப் பின்பக்கப் படி வழியா இறங்கிட்டேன். "அண்ணாச்சி! அண்ணாச்சி!"ன்னு சத்தம் வேற கேக்கு. வேற யாரையோ கூப்பிடுதான், ஊர்ல எல்லாவனும் அண்ணாச்சிதான. ஓடி வந்து நின்ன பஸ்ல ஏறினேன், அதுதான் இது. மயிரிழையில தப்பிச்சேன்.

இருங்க, போன் அடிக்கி. ஆவுடைதான்! தம்பி, செத்த இருங்க. இந்தத் தடவ நான் ஒண்ணும் பேசப் போறதில்ல. பாருங்க, அவ சொல்லுததக் கேக்கப் போறேன்.

ஆவுடை! சொல்லு. ம். நீயே சொல்லு, நான் கேக்கேன். ம். ம். கனகசபையா? அவன் எதுக்கு உனக்குப் போன் பண்ணுதான்? சரி, சரி, நான் கேக்கல, நீ சொல்லு. ம். பஸ்லதான் இருக்கேன். சாப்பிட்டேன். இல்ல, சாப்பிடல. ம்.

என்னது? வாரியா? இங்கயா? நெசமாவா?

எப்போ? இந்தச் சனிக்கிழமையா! ஆவுடை... இரு, இரு, இரு. சனிக்கிழமை கிழக்கே சூலம்லா? அங்க இருந்து நம்ம ஊரு கிழக்கதான? உருண்டையா இருக்கதால மேற்க சுத்தியும் வரலாம், நீ அந்த வழியில வார பிளேன் இருக்கான்னு கேளு. இல்ல, நீ கேக்காத, உனக்குக் கேக்கத் தெரியாது, மாப்பிள்ளைகிட்டப் போனக் குடு. டிக்கெட்ட மாத்தச் சொல்லு. வெள்ளிக்கிழமைன்னா பத்தரைக்கு மேல ராகுகாலம். நான் தேதி பாத்து எழுதி அனுப்புதேன், அதுல உள்ளபடி ஏறு, நடுவுல எவகிட்டயும் பேச்சுக் குடுக்காத, ஏர்போர்ட்ல ஏதாவது கேட்டா, பேசாம என் நம்பர... என்ன? என்ன சொன்ன? நான் சொல்லி முடிச்சிருதேன், அப்புறம் நீ சொல்லு. முதல்ல அந்தக் கோட்ட மடிச்சு...

அலோ. ஆவுடை? அலோ!

கட்டாயிட்டு தம்பி. உங்க போன்ல டவர் இருக்கா, பாருங்க. நாலு கட்டமும் நிக்கா? என்னுதுலயும் நாலு நிக்கி.

என்ன பெரிய நியூயார்க், அங்க டவர் கிடைக்கல போலருக்கு.